சளி தர முடியாதவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை

பசறை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு கிழமையாகியும் இருமல் விடவில்லையென்றால், காசநோயா என்று பார்க்க வைத்தியசாலையில் முதலில் கேட்பது சளி. விடியற்காலையில் எடுத்த சளி என்றால் நல்லது. அந்த நேரத்தில்தான் அவள் அடுப்பு மூட்டி, பிள்ளைகளை எழுப்பி, வேலைக்கு ஓட வேண்டும். நெருக்கமான லயத்தில் நாலு பேர் பார்க்கக் காறித் துப்பவும் கூச்சம். கடைசியில் குப்பியில் சேர்வது வெறும் எச்சில். கிருமி இல்லை என்று முடிவு வரும். இருமல் மட்டும் நிற்காது.

1882இல் ரொபர்ட் கொக் இந்தக் கிருமியைக் கண்டறிந்த நாளிலிருந்து நுணுக்குக்காட்டிதான் பிரதான துணை. அதில் தென்பட, ஒரு மில்லிலீற்றர் சளியில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். 2010இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பேர்ட் கருவிக்கு அதைவிட மிகக் குறைவே போதும். சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும்; ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்றும் தெரிந்துவிடும். ஆனால் கருவி எத்தனை கூர்மையானாலும், கிருமி குப்பிக்குள் வந்தாக வேண்டும்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்று இதை நன்றாகக் காட்டியது. சளியை எப்படி எடுப்பதென்று பெண்களுக்குச் சில நிமிடம் விளக்கினார்கள், அவ்வளவுதான். கிருமி தென்பட்ட பெண்களின் விகிதம் 8இலிருந்து 13 சதவீதமாக உயர்ந்தது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, காற்றோட்டமான வெளியிடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும்.

சிறு பிள்ளைகளிடம் இந்த விளக்கமும் செல்லாது. வரும் சளியை அவர்கள் விழுங்கிவிடுவார்கள். அதனால் வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பது வழக்கம். பிள்ளைக்கும் வேதனை, தாய்க்கும் வேதனை. விழுங்கிய சளியிலுள்ள கிருமியின் மரபணு மலத்தில் வெளியேறும் என்பதால், மலத்தையே ஜீன்எக்ஸ்பேர்ட்டில் சோதிக்கலாம். பிள்ளைகளுக்கு இம்முறையை உலக சுகாதார ஸ்தாபனமும் ஏற்றுள்ளது. சிறுநீரில் பார்க்கும் சோதனையும் உண்டு. அது முக்கியமாக எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கானது.

பெரியவர்களிடம் ஆராயப்பட்டுவரும் இன்னொரு வழி நாக்கு. நோயாளியின் நாக்கின் மேற்பரப்பில் கிருமிகள் ஒட்டியிருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியால் நாக்கைச் சில விநாடிகள் தேய்த்தெடுத்தால் மாதிரி கிடைத்துவிடும். நல்ல சளி அளவுக்கு இது நோயைப் பிடிப்பதில்லை. ஆனால் சளியே வராதவரிடமும் எடுக்கலாம். இருமச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எடுப்பவருக்கும் ஆபத்துக் குறைவு. மலைப்பாதையில் பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்துபோக ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் குடும்பங்களுக்கு, தோட்ட டிஸ்பென்சரியிலேயே எடுக்கக்கூடிய இத்தகைய மாதிரிகள்தான் பயன்படும்.

இலங்கையில் காசநோய்ப் பரிசோதனையும், குறைந்தது ஆறு மாதம் நீளும் சிகிச்சையும் அரச மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம். இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் போய்க் காட்டுங்கள். சளி வரவில்லையென்றால் அதை மறைக்காமல் சொல்லி, வேறு என்ன வழி என்று கேளுங்கள்.