டாட்ஜ் ராம் டீசல் சரக்குந்தின் தானியங்கிக் கியர்ப்பெட்டி மேம்பாடு

டாட்ஜ் ராம் டீசல் சரக்குந்தின் தானியங்கிக் கியர்ப்பெட்டி மேம்பாடு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட டாட்ஜ் ராம் பிக்கப் வகைச் சரக்குந்துகளில் 1994 முதல் 2007 வரை கம்மின்சு டீசல் எந்திரத்துடன் பொருத்தப்பட்ட நான்கு வேகத் தானியங்கிக் கியர்ப்பெட்டியை, கூடுதல் முறுக்குவிசையைத் தாங்கும் வகையில் மாற்றியமைப்பது ஆகும். 47ஆர்எச், 47ஆர்இ, 48ஆர்இ ஆகிய மூன்றும் இக்கியர்ப்பெட்டியின் வகைகள். எந்திரத்தின் திறனை மட்டும் கூட்டிவிட்டுக் கியர்ப்பெட்டியை அப்படியே விட்டால், கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகிவிடுகின்றன. இதனைத் தவிர்ப்பதே இம்மேம்பாட்டின் முதன்மை நோக்கம்.

பின்னணி

கிறைசுலர் நிறுவனம் 1956 ஆம் ஆண்டு முதல் டார்க்ஃபிளைட் என்னும் பெயரில் மூன்று வேகத் தானியங்கிக் கியர்ப்பெட்டிகளைத் தயாரித்தது. 1962 இல் வெளிவந்த ஏ727 அவ்வரிசையில் வலிமை மிக்கது. 1989 ஆம் ஆண்டு மாதிரியில் 5.9 லிட்டர், ஆறு உருளை கம்மின்சு டீசல் எந்திரம் முதன்முறையாக டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் இடம்பெற்றபோது, தானியங்கி விரும்பியோருக்கு ஏ727 அளிக்கப்பட்டது. அவ்வெந்திரத்தின் திறன் 160 குதிரைத்திறன். முறுக்குவிசை 542 நியூட்டன் மீட்டர்.

பின்னர் இக்கியர்ப்பெட்டியின் பின்புறத்தில் ஓவர்டிரைவ் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டு நான்கு வேகமாக விரிவடைந்தது. 1994 இல் 47ஆர்எச், 1996 இல் 47ஆர்இ, 2003 இல் 48ஆர்இ என இது வளர்ந்தது. பெயரில் உள்ள முதல் எண் முன்னோக்கிய வேகங்களின் எண்ணிக்கையையும், இரண்டாம் எண் முறுக்குவிசை தாங்கும் ஒப்பீட்டுத் தரத்தையும் குறிக்கும். 'ஆர்' பின்சக்கர இயக்கத்தையும், 'எச்' நீர்ம அழுத்தக் கட்டுப்பாட்டையும், 'இ' மின்னணுக் கட்டுப்பாட்டையும் குறிக்கின்றன.

எந்திரத்தின் வளர்ச்சிக்குக் கியர்ப்பெட்டி ஈடுகொடுக்கவில்லை என்பதை உற்பத்தியாளரின் அளவீடுகளே காட்டுகின்றன. 1996 இல் கையியக்கக் கியர்ப்பெட்டி கொண்ட வண்டிக்கு 215 குதிரைத்திறன் அளிக்கப்பட்டது; தானியங்கி கொண்ட வண்டிக்கு 180 மட்டுமே. 2001 இல் வெளிவந்த 685 நியூட்டன் மீட்டர் உயர்திறன் எந்திரம் ஆறு வேகக் கையியக்கக் கியர்ப்பெட்டியுடன் மட்டுமே விற்கப்பட்டது. தானியங்கி வாங்கியவர்களுக்கு 624 நியூட்டன் மீட்டர் எந்திரமே கிடைத்தது. ஆகவே, எரிபொருள் அளவைக் கூட்டி எந்திரத்தின் திறனை உயர்த்துபவர், உற்பத்தியாளர் வேண்டுமென்றே விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியைச் செலவழிக்கிறார் எனலாம்.

இயங்கும் முறை

எந்திரத்திற்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே முறுக்குவிசை மாற்றி என்னும் உறுப்பு உள்ளது. இதனுள் எந்திரத்தால் சுழலும் விசிறி எண்ணெயை வீசுகிறது. அவ்வெண்ணெய் எதிரே உள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றுகிறது. இரண்டிற்கும் இடையே திண்மத் தொடர்பு இல்லாததால் எப்போதும் சிறிது வேக வேறுபாடு இருக்கும். வண்டி சீரான வேகத்தை எட்டியபின் மாற்றியினுள் இருக்கும் பூட்டுக் கிளட்ச் இரு பக்கங்களையும் இறுகப் பிணைத்து இவ்வேறுபாட்டை நீக்குகிறது.

மாற்றியை அடுத்துக் கோள் பற்சக்கரத் தொகுதிகள் உள்ளன. இவற்றின் உறுப்புகளைக் கிளட்ச்சுகளும் பட்டைகளும் பிடித்தும் விடுவித்தும் வேகங்களை மாற்றுகின்றன. பின்கிளட்ச் முன்னோக்கிய எல்லா வேகங்களிலும் இயங்கும். முன்பட்டை இறுகும்போது இரண்டாம் வேகமும், முன்கிளட்ச் இறுகும்போது மூன்றாம் வேகமும் கிடைக்கின்றன. நான்காம் வேகத்தை ஓவர்டிரைவ் பகுதி அளிக்கிறது. நான்கு வேகங்களின் விகிதங்கள் முறையே 2.45, 1.45, 1.00, 0.69 ஆகும்.

எந்தக் கிளட்ச் எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் இறுக வேண்டும் என்பதை வால்வுத் தொகுதி தீர்மானிக்கிறது. முடுக்கியுடன் இணைந்த ஒரு கம்பிவடம், சுமைக்கேற்ப எண்ணெய் அழுத்தத்தை உயர்த்த உதவுகிறது. இக்கம்பிவடம் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, நல்ல நிலையில் உள்ள கிளட்ச்சும் வழுக்கும்.

வழுக்கலும் வெப்பமும்

ஒரு கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்குவிசையைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

முறுக்குவிசை = உராய்வுக் கெழு × உராய்வுப் பரப்புகளின் எண்ணிக்கை × அழுத்தும் விசை × சராசரி ஆரம்

அழுத்தும் விசை என்பது எண்ணெய் அழுத்தத்தை உந்துருளையின் பரப்பால் பெருக்கக் கிடைப்பது. கியர்ப்பெட்டியின் உறையளவு மாறாததால் ஆரத்தைப் பெரிதாகக் கூட்ட இயலாது. எனவே உராய்வுப் பொருளை மாற்றுதல், தட்டுகளைக் கூட்டுதல், அழுத்தத்தை உயர்த்துதல் ஆகிய மூன்றே வழிகள். கீழே விவரிக்கப்படும் மாற்றங்களுள் கிளட்ச்சுகளைப் பற்றியவை அனைத்தும் இம்மூன்றில் ஒன்றாகவோ இவற்றின் சேர்க்கையாகவோ அமைகின்றன.

எந்திரம் தரும் முறுக்குவிசை இவ்வெல்லையைத் தாண்டினால் தட்டுகள் வழுக்கும். வழுக்கலில் இழக்கப்படும் திறன் முழுவதும் வெப்பமாகிறது. எடுத்துக்காட்டாக, 600 நியூட்டன் மீட்டரைக் கடத்தும் பூட்டுக் கிளட்ச் நிமிடத்திற்கு 100 சுற்றுகள் வழுக்கினால், ஏறத்தாழ 6.3 கிலோவாட்டு வெப்பம் உண்டாகும். இது 1.5 கிலோவாட்டு மின்வெந்நீர்த் தண்டுகள் நான்கினை மாற்றியினுள் எரியவிட்டதற்கு ஒப்பானது. வெப்பத்தால் உராய்வுப் பொருள் கருகுகிறது, எண்ணெய் தரமிழக்கிறது, இவற்றால் பிடிப்பு மேலும் குறைந்து வழுக்கல் கூடுகிறது. இச்சுழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை.

வழுக்கலைச் சாலையிலேயே கண்டறியலாம். 245/75ஆர்16 அளவுச் சக்கரமும் 3.54 பின்னச்சு விகிதமும் கொண்ட வண்டி, நான்காம் வேகத்தில் பூட்டுக் கிளட்ச் இறுகிய நிலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் சென்றால், எந்திரம் நிமிடத்திற்குச் சுமார் 1,675 சுற்றுகள் சுழல வேண்டும். மேட்டில் முடுக்கியை அழுத்தும்போது வண்டியின் வேகம் மாறாமல் சுற்றுமானி மட்டும் 1,775 காட்டினால், மேற்கூறிய 100 சுற்று வழுக்கல் நிகழ்கிறது என்று பொருள். பூட்டுக் கிளட்ச் முழுமையாக விடுபட்டாலும் சுற்று உயரும். ஆனால் அது ஒரே தாவலாக இருக்கும். வழுக்கலில் முடுக்கியின் அழுத்தத்திற்கேற்பச் சுற்று மெல்ல மெல்ல உயரும்.

மேம்படுத்தப்படும் பகுதிகள்

குளிர்விப்பு: கூடுதல் எண்ணெய்க் குளிர்விப்பி, ஆழமான எண்ணெய்த் தட்டு, வெப்பமானி ஆகியவை முதலில் சேர்க்கப்படுகின்றன. வெப்பமானி மலிவானது, ஆயினும் பழுது முற்றுவதற்குமுன் ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் இதுவே. எண்ணெயாக கிறைசுலரின் ஏடிஎஃப்+4 வகை பயன்படுகிறது.

முறுக்குவிசை மாற்றி: தொழிற்சாலை மாற்றியில் பூட்டுக் கிளட்ச் ஒற்றைத் தட்டு உடையது. இதுவே எந்திரத் திறன் கூடும்போது பெரும்பாலும் முதலில் வழுக்கும் உறுப்பு. இதற்குப் பதிலாகப் பல தட்டுகள் கொண்ட மாற்றி பொருத்தப்படுகிறது. அத்துடன் ஸ்டால் வேகமும் கருதப்படும். வண்டி நகராதபடி பிடித்து வைத்த நிலையில் எந்திரம் எட்டக்கூடிய உச்சச் சுற்று வேகமே ஸ்டால் வேகம் எனப்படும். கம்மின்சு எந்திரம் தன் உச்ச முறுக்குவிசையை நிமிடத்திற்குச் சுமார் 1,600 சுற்றுகளிலேயே அளிப்பதால், சுமை இழுக்கும் வண்டிக்குக் குறைந்த ஸ்டால் வேகமே பொருத்தமானது. பெட்ரோல் பந்தய வண்டிகளில் விரும்பப்படும் உயர்ந்த ஸ்டால் வேகம் இங்கே வீண் வெப்பத்தையே தரும்.

வால்வுத் தொகுதி: அழுத்தச் சீராக்கியின் சுருள்வில்லையும் எண்ணெய்த் துளைகளின் அளவையும் மாற்றி, கிளட்ச்சுகளுக்குச் செல்லும் அழுத்தம் உயர்த்தப்படுகிறது. வேக மாற்றம் விரைவாகவும் உறுதியாகவும் நிகழ்வதால் வழுக்கும் நேரம் குறைகிறது. இக்கியர்ப்பெட்டியில் நிறுத்த நிலையான 'பார்க்'கில் மாற்றிக்கும் குளிர்விப்பிக்கும் எண்ணெய் செல்வதில்லை. எண்ணெய் அளவை நியூட்ரல் நிலையில் சோதிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. சுமை இழுத்து வந்தபின் எந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்விப்பதையும், கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, நியூட்ரலில் செய்தல் வேண்டும். மேம்படுத்தப்பட்ட வால்வுத் தொகுதிகள் பலவற்றில் இக்குறை நீக்கப்பட்டிருக்கும்.

கிளட்ச்சுகளும் பட்டைகளும்: முன்கிளட்ச்சிலும் ஓவர்டிரைவ் கிளட்ச்சிலும் கூடுதல் தட்டுகள் சேர்க்கப்படுகின்றன. முன்பட்டையும் அதனை இறுக்கும் நெம்புகோலும் தாங்குதண்டும் வலுவானவையாக மாற்றப்படுகின்றன. இதற்குக் கியர்ப்பெட்டியை முழுவதும் பிரிக்க வேண்டும்.

தண்டுகள்: வழுக்கல் நீங்கியபின் எந்திரத்தின் முழு முறுக்குவிசையும் உள்ளீட்டுத் தண்டின்மேல் விழுகிறது. முன்னர் வழுக்கிய கிளட்ச், தண்டுக்கு ஒரு பாதுகாப்பு உருகியைப் போலச் செயற்பட்டு வந்தது. அது வலுவடைந்ததும் தண்டு முறியும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே உயர்திறன் வண்டிகளில் உள்ளீட்டுத் தண்டும், எந்திரத்தையும் மாற்றியையும் இணைக்கும் வளைதட்டும் உயர்வலிமை எஃகால் ஆனவையாக மாற்றப்படுகின்றன.

மாற்றங்களின் வரிசை

மேற்கண்டவாறு ஒவ்வொரு மாற்றமும் பலவீனத்தை நீக்குவதில்லை. அடுத்த உறுப்புக்கு நகர்த்துகிறது. பல தட்டு மாற்றியை மட்டும் பொருத்தி அழுத்தத்தை உயர்த்தாமல் விட்டால் உள்கிளட்ச்சுகள் வழுக்கும். அழுத்தத்தை மட்டும் அளவுமீறி உயர்த்தினால் வேக மாற்றம் அதிர்ச்சியுடன் நிகழ்ந்து உறுப்புகள் உடையும். எண்ணெய்ப் பம்பும் அடைப்பான்களும் கூடுதல் சுமைக்கு உள்ளாகும்.

எனவே முதலில் கம்பிவடத்தையும் பட்டைகளையும் சரிசெய்து எண்ணெய் அழுத்தத்தை அளத்தல், அடுத்து குளிர்விப்பு, பின்னர் மாற்றியையும் வால்வுத் தொகுதியையும் ஒருசேர மாற்றுதல், அதன்பின் உள்கிளட்ச்சுகள், இறுதியாகத் தண்டுகள் என்னும் வரிசை பொருத்தமானது. எந்திரத் திறனைக் கூட்டுவது இவற்றிற்குப் பின்னரே செய்யத்தக்கது. நடைமுறையில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகின்றனர். முதலில் எளிதாகக் கிடைக்கும் எந்திர நிரலை ஏற்றிவிட்டு, கருகிய கியர்ப்பெட்டிக்குப் பின்னர் பெருஞ்செலவு செய்கின்றனர்.

பழைய மாற்றி சிதைந்திருந்தால் அதன் உலோகத் துகள்கள் குளிர்விப்பியிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாமல் அல்லது மாற்றாமல் புதிய கியர்ப்பெட்டியைப் பொருத்தினால், அத்துகள்கள் புதிய வால்வுகளைச் சிக்கவைக்கும்.

பாதுகாப்பும் வரம்புகளும்

வலுவான கியர்ப்பெட்டி வண்டியின் அனுமதிக்கப்பட்ட இழுவை எடையை உயர்த்துவதில்லை. பிரேக்குகள், அச்சுகள், சட்டகம், சக்கரங்கள் ஆகியவை மாறாமல் இருப்பதால் உற்பத்தியாளர் குறித்த எடை வரம்பே தொடர்ந்து பொருந்தும்.

நீண்ட சரிவில் இறங்கும்போது எந்திரத்தின் தடுப்பாற்றல் முக்கியமானது. முடுக்கியை விட்டதும் பூட்டுக் கிளட்ச் விடுபட்டால் இத்தடுப்பாற்றல் பெருமளவு குறைந்து, முழுச்சுமையும் பிரேக்குகளின்மேல் விழும். இதற்காகப் பூட்டுக் கிளட்ச்சைத் தொடர்ந்து இறுக்கிவைக்கும் மின்னணுக் கட்டுப்படுத்திகள் பயன்படுகின்றன. சிலர் கையால் இயக்கும் சாதாரணச் சொடுக்கியைப் பொருத்துகின்றனர். வண்டி நிற்கும் வேளையில் இதனை அணைக்க மறந்தால், கையியக்க வண்டியில் கிளட்ச் மிதியை அழுத்தாமல் நிறுத்தியது போல எந்திரம் அணைந்துவிடும். திசைமாற்றிக்குக் கிடைக்கும் விசையுதவியும் உடன் நின்றுவிடும். சொடுக்கி இறுகிய நிலையில் வேகம் மாற்றுவதும் உள்ளீட்டுத் தண்டை அதிர்ச்சிக்கு உள்ளாக்கும்.

பிற்கால வளர்ச்சி

2001 இல் செவர்லே, ஜிஎம்சி கனரகப் பிக்கப் வண்டிகளில் டியூராமாக்சு டீசல் எந்திரத்துடன் ஆலிசன் 1000 என்னும் ஐந்து வேகத் தானியங்கி அறிமுகமானது. 2003 இல் ஃபோர்டு நிறுவனம் டார்க்சிஃப்ட் எனப்படும் ஐந்து வேகத் தானியங்கியை வெளியிட்டது. டாட்ஜ் வண்டிகளில் 48ஆர்இ, 2004 ஆம் ஆண்டின் இடையில் வெளிவந்த 813 நியூட்டன் மீட்டர் எந்திரத்துடனும் பயன்படுத்தப்பட்டது. 2007 இல் எந்திரம் 6.7 லிட்டராகப் பெரிதாக்கப்பட்டபோது, அதனிடத்தை ஆறு வேக 68ஆர்எஃப்இ பெற்றது. பழைய வண்டிகளை வைத்திருப்போர் சிலர் தம் கியர்ப்பெட்டியை மேம்படுத்துவதற்குப் பதிலாக, ஆலிசன் பெட்டியையோ கையியக்கப் பெட்டியையோ பொருத்துவதும் உண்டு. இதற்கு இணைப்பு உறை, இயக்கத்தண்டு, கட்டுப்பாட்டு மின்னணுவியல் போன்ற பலவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.