நாய்க்குப் பரங்கிக்காய்: எவ்வளவு, எப்போது?

மீமிசல் பக்கம் ஆட்டுப்பட்டி, தென்னந்தோப்பு, இறால் பண்ணை எங்கு போனாலும் காவலுக்கு ஒரு நாய் இருக்கும். அதற்குச் சாப்பாடு என்று தனியாக எதுவும் கிடையாது. மிஞ்சிய சோறும் மீன் குழம்பும்தான். நாய்க்கு வயிறு கழிந்தால், "பரங்கிக்காயை வேகவைத்துப் போடுங்கள், நின்றுவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எல்லாக் கழிச்சலுக்கும் அது பொருந்தாது.

பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் தண்ணீரை இழுத்துக் கூழாகிறது. அதனால் லேசான கழிச்சல் கெட்டிப்படுகிறது. மலம் இறுகிய நாய்க்கும் இதே நார்தான் இளக்கித் தருகிறது. அளவு மீறினால் பரங்கியே கழிச்சலை உண்டாக்கும்.

தோல், காம்பு, விதை, உள்நார் எல்லாவற்றையும் நீக்குங்கள். சதையைத் துண்டாக்கி, மசியும் வரை தண்ணீரில் அல்லது ஆவியில் வேகவையுங்கள். உப்பு, எண்ணெய், வெல்லம் எதுவும் வேண்டாம். ஆறியதும் மசித்து, வழக்கமான சோற்றில் கலந்து வையுங்கள். 10 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு வேளைக்கு 1 மேசைக்கரண்டி போதும். ராஜபாளையம் போன்ற பெரிய நாய்க்கு 2 முதல் 3 மேசைக்கரண்டி. முதல் நாள் 1 தேக்கரண்டி மட்டும் கொடுத்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு வேகவைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நம் வீடுகளில் தவறு நடப்பது பெரும்பாலும் குழம்புச் சட்டியில்தான். பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, கூட்டு, சாம்பார் என்று மிஞ்சியதை அப்படியே ஊற்றிவிடுகிறோம். அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாதிப்பு உடனே தெரியாமல், சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்து, நாய் சோர்ந்து படுக்கும்போதுதான் தெரியும். குழம்பில் போடும் முன்பே நாய்க்கு இரண்டு துண்டு எடுத்து வைப்பதில் என்ன சிரமம்?

காயை வெட்டியதும் நுனி நாக்கில் ஒரு சிறு துண்டை வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் காய் உங்களுக்கும் வேண்டாம், நாய்க்கும் வேண்டாம். குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. வறட்சியில் வாடிய கொடியிலும், இனம் கலந்த விதையில் முளைத்த கொடியிலும் இப்படிக் காய்ப்பதுண்டு. பழ ஈ தாக்கிப் புழு வைத்த காய், பூசணம் பிடித்த காய் ஆகியவற்றை 'நாய்க்குத்தானே' என்று ஒதுக்கி வைக்காமல், குழி தோண்டி ஆழமாகப் புதையுங்கள். மருந்து அடித்த வயல் என்றால் அறுவடைக்கான காத்திருப்பு நாட்கள் நாய்க்கும் பொருந்தும்.

கடை வாசலில் திருஷ்டிக்கு உடைக்கும் வெள்ளைப் பூசணி வேறு. அதற்குள் குங்குமமும் சில்லறைக் காசும் இருக்கும். காசை நாய் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். உடைத்த கையோடு அள்ளிவிடுங்கள், இரு சக்கர வாகனத்தில் வருபவர்களுக்கும் அது நல்லது.

பரங்கி விதை நாயின் குடற்புழுவைத் தள்ளிவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டுப்பட்டி நாய் என்றால் இன்னும் கவனம் தேவை. ஆடு அறுக்கும் இடத்தில் கிடக்கும் ஈரலையும் நுரையீரலையும் தின்னும் நாயிடமிருந்து நாடாப்புழு முட்டைகள் ஆட்டுக்கும் மனிதருக்கும் பரவும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்கம் செய்தே ஆக வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்கள் கிராமக் கூட்டங்களில் அழுத்திச் சொல்ல வேண்டியது குட்டிகளைப் பற்றித்தான். தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து, தாங்க முடியாத நாற்றத்துடன் கழிந்தால் அது பார்வோ நோயாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அப்போது பரங்கிக்காய் வேகவைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீண். உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். வளர்ந்த நாயானாலும் ரத்தம் தெரிந்தால், வாந்தி நிற்காவிட்டால், தண்ணீர் குடிக்க மறுத்தால், அல்லது ஒரு நாளுக்கு மேல் கழிச்சல் நீடித்தால் இதையே செய்யுங்கள். போகும்போது கடைசியாக என்ன தின்றது, எத்தனை முறை கழிந்தது என்று மருத்துவரிடம் சொல்லத் தயாராக இருங்கள். மற்ற நாய்கள் இருந்தால், அந்தக் குட்டி படுத்த சாக்கை எரித்துவிட்டு, இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவுங்கள்.