சாவிக்குள் இரண்டு சாவிகள்

கார் சாவியைக் கடையில் கொடுத்து, அதே வெட்டில் இன்னொன்று செய்து வாங்குகிறோம். புதுச் சாவி இக்னிஷனில் சிக்காமல் நுழைகிறது, திரும்புகிறது. பல கார்களில் எஞ்சின்கூட ஓரிரு வினாடி ஓடுகிறது, உடனே அணைந்துவிடுகிறது. டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு சிமிட்டுகிறது. பூட்டு ஏற்றுக்கொண்ட சாவியைக் கார் ஏன் மறுக்கிறது? இன்றைய கார் சாவி ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உலோகத்தின் வடிவம். மற்றது பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் ரகசிய எண். எது மக்கர் செய்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதலில் உலோகம். சாவி நுழையும் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை; அதன் உயரம் தகட்டுக்குத் தகடு மாறும். சாவி இல்லாதபோது சிறு ஸ்பிரிங்குகள் இந்தத் தகடுகளை வெளியே தள்ளி, சுற்றியிருக்கும் உறையின் பள்ளத்தில் செருகி வைத்திருக்கும். உருளை சுழலாது. சரியான சாவி நுழைந்ததும் அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்தில் நிறுத்துகின்றன. எல்லாத் தகடுகளின் முனைகளும் உருளையின் விளிம்போடு சமமானால்தான் சாவி திரும்பும்.

ஆண்டுகள் போகப் போக, சாவியும் தகடுகளும் தேய்கின்றன. மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு குறைந்தாலே ஏதாவது ஒரு தகடு விளிம்பில் தட்டும். ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டிய நிலை அப்படித்தான் வருகிறது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே புதுச் சாவிக்கு வரும். பல கார்களில், வாங்கும்போது சாவியோடு ஒரு எண் பொறித்த சிறு தகடும் தருவார்கள். அந்த எண்ணை வைத்து வெட்டினால் அசல் அளவு கிடைக்கும். பூட்டுக்குள் எண்ணெய் விட வேண்டாம், அது தூசியைப் பிடித்துவைக்கும். கிராஃபைட் தூள் போதும்.

சாவி அசையவே மறுத்தால் பூட்டைக் குறை சொல்லும் முன் ஸ்டீயரிங்கைப் பாருங்கள். சாவியை எடுத்தபின் ஓர் இரும்புத் துண்டு ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் விழுந்து அதைப் பூட்டுகிறது. சக்கரங்கள் ஒரு பக்கமாக அழுத்தி நின்றால் அந்தத் துண்டு இறுகிவிடும். பலம் கொடுத்துத் திருகினால் சாவிதான் ஒடியும். ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்தபடியே திருப்பினால் விடுபட்டுவிடும்.

இனி அந்த ரகசிய எண். பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. இக்னிஷன் உருளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் வினாடிக்குச் சுமார் 1,25,000 முறை அலைவுறும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் சாவிக்குள் இருக்கும் நுண்சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தத் துளி மின்சாரத்தில் சிப் விழித்துக்கொள்கிறது. கார் ஓர் எண்ணை அனுப்பிக் கேள்வி கேட்கிறது. சிப் தன் ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறது. கேள்வி ஒவ்வொரு முறையும் மாறுவதால் பதிலை ஒட்டுக்கேட்டுத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. பதில் தவறினால் இம்மொபிலைசர் என்ற இந்தக் காவல் அமைப்பு எஞ்சினை ஓடவிடாது. இந்த உரையாடல் முழுவதும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். பட்டன் ஸ்டார்ட் கார்கள் பலவற்றில், ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும் சாவியைப் பட்டனுக்கு அருகில் பிடித்தால் எஞ்சின் கிளம்புவதும் இதே தூண்டலால்தான்.

எண் சரியாக இருந்தாலும் சாவியைத் தாங்கும் சுவிட்ச் உறுதியாக இருக்க வேண்டும். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவர்லே கோபால்ட் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் இக்னிஷன் சுவிட்சில் பிடிப்பு போதவில்லை. கனத்த சாவிக்கொத்தின் எடையோ சாலையின் குலுக்கலோ போதும், ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் அணையும். ஏர்பேக்கும் வேலை செய்யாது. 124 மரணங்களுக்கு இந்தக் கோளாறு காரணம் என அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது. வீடு, பீரோ, கடைச் சாவிகளைக் கார் சாவியோடு கோத்துத் தொங்கவிடுவது நல்லதல்ல.

சாவி தொலைந்தால்? ஒரு சாவி கையில் இருந்தால் ஆர்.சி., அடையாள அட்டையோடு சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் புதுச் சாவியைப் பதியலாம். அப்போதே தொலைந்த சாவியின் எண்ணை அழிக்கச் சொல்லுங்கள். அதன்பின் அதை எடுத்தவர் கதவைத் திறக்கலாம், எஞ்சினை ஓட்ட முடியாது. இரண்டும் தொலைந்தால் காரையே இழுத்துச் செல்ல நேரும். சில கார்களில் பூட்டையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்ற வேண்டிவரும். கார் திருடுபோனால் இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டு அசல் சாவிகளையும் கேட்பது வழக்கம். எனவே சாவி தொலைந்ததைப் போலீசில் எழுத்தில் பதிவு செய்து ரசீது வாங்கிவையுங்கள்.

உங்களிடம் இப்போது ஒரே ஒரு சாவிதான் இருக்கிறது என்றால், இரண்டாவதைச் செய்ய வேண்டிய நேரம் அது தொலைந்த பிறகு அல்ல. இந்த வாரமே செய்துவிடுங்கள்.