செயின் நீள்வது ஏன்?

சம்பா நடவுக் காலத்தில் தஞ்சை வயற்பாதைகளில் ஓடும் மோட்டார் சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். செயினெல்லாம் காவிரி வண்டல்! சில மாதங்களில் அது தொய்ந்துவிடும். இரும்பு இழுபட்டு நீண்டுவிட்டதா? இல்லை, தேய்ந்துவிட்டது.

1880-இல் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் இங்கிலாந்தில் உருவாக்கிய உருளைச் செயின்தான் இன்றும் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி, அதைச் சுற்றிக் குழல், அதன்மேல் உருளை. சேற்றிலுள்ள நுண்மணல் ஆணிக்கும் குழலுக்கும் இடையே புகுந்து அராவுகிறது. மூட்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்தால், 100 மூட்டுகளில் 10 மி.மீ.! தொய்ந்த செயின் நழுவிச் சிக்கினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே நின்றுவிடும்.

சேற்றின்மேல் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? மணலோடு கலந்து சாணைப் பசையாகிவிடும். ஆகவே முதலில் மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் தேய்த்துத் துடைத்து, உலரவிடுங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி, செயினின் உட்பக்கத்தில் கியர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். என்ஜின் ஓடும்போது செயினைத் தொடவே கூடாது, விரல் போய்விடும்!

உங்கள் சைக்கிள் செயினை அளந்து பாருங்கள். புதிய செயினில் ஓர் ஆணியிலிருந்து 24-ஆவது ஆணிவரை 304.8 மி.மீ. இருக்கும். உங்களுடையது 308-ஐ எட்டிவிட்டதா? அப்படியானால் அதை மாற்றவேண்டியதுதான்.