தண்ணீரில் மூச்சு முட்டும் மீன்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் அருவித் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். இந்தக் குளிருக்கு ஊட்டிப் பக்கத்து டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டால் பிழைக்காதா?

பிழைக்காது. அதற்கு வேண்டியது குளிரோடு சேர்ந்துவரும் ஆக்சிஜன். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரையோடு நின்றுவிடும். அருவி எத்தனை நுரைத்துக் காற்றைக் கலந்தாலும் இந்த வரம்பு மாறாது. சூடு கூடக்கூட மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடும் என்பதால் வரவு குறைகிற நேரத்தில் செலவு ஏறுகிறது. 25 டிகிரியைத் தொட்டால் டிரவுட்டுக்கு உயிர்ப் போராட்டம்தான். எச்.சி. வில்சன் 1907-இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்த நீலகிரியின் அவலாஞ்சி, 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் குற்றாலம் 200 மீட்டரைக்கூட எட்டாது; நமக்குப் பல் கிட்டும் தண்ணீர் டிரவுட்டுக்குச் சூடுதான்.

வில்சனுக்கு முன்பே, 1860களில், நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றவர் ஃபிரான்சிஸ் டே. சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்தவர். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். அவர் கொண்டுவர நினைத்த டிரவுட்டைவிட, விராலை வைத்துச் செய்த சோதனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வலை கட்டி, மீன் மேலே வரமுடியாமல் தடுத்தார். செவுள் இருந்தும், சுற்றிலும் தண்ணீர் இருந்தும், மூச்சு முட்டிச் செத்தது விரால்.

வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள் ஒரு காற்றறை உண்டு. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கி அதில் நிரப்பிக்கொள்ளும். அறைச் சுவரின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். கோடையில் சிற்றாற்றுப் பாசனக் குளங்கள் வற்றிச் சேறாகும்போது கெண்டை செத்து மிதக்கும். விரால் சேற்றுக்குள் புதைந்து, ஈரம் இருக்கும்வரை காத்துக் கிடக்கும். மீன்கடைத் தொட்டியில் இரண்டு விரல் தண்ணீரில் உயிரோடு நெளிவதும், அதனால் நல்ல விலை போவதும் இந்த அறையின் புண்ணியம்.

தூண்டில்காரருக்கும் இதுவே துப்பு. எவ்வளவு பதுங்கினாலும் விரால் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு ‘பளக்’, இரண்டு குமிழி. அங்கே தவளை கோத்த தூண்டில் விழும்.

குஞ்சு பொரித்த காலத்தில் இடம் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து போகும். அடியில் பெரிய மீன் காவல் நிற்கும். அங்கே தூண்டில் விழுந்தால் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும். அதைத் தூக்கிவிட்டால், குஞ்சுக் கூட்டத்தைக் கெளுத்தியும் நீர்க்காகமும் தின்று தீர்த்துவிடும்.