செலவும் அழுங்கலும்

தொழிலின்பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்வதா, பிறந்த ஊரிலேயே இருப்பதா என்னும் வினா நம் நாட்டுக் குடும்பங்களுக்குப் புதியதன்று. நியமனக் கடிதம் வந்த நாள்முதல் வீட்டிலே பேச்சு வேறாகிவிடுகிறது. தந்தையார் சம்பளத்தைக் கணக்கிடுகிறார். தாயார் தூரத்தைக் கணக்கிடுகிறார். கடமையேற்க வேண்டிய திகதி நெருங்க நெருங்க, முடிவு கூற வேண்டியவர் தம் நெஞ்சோடு தாமே வழக்காடிக் களைத்துப் போகிறார். இவ்வழக்கைப் பழந்தமிழ்ச் சான்றோர் நன்கு அறிந்திருந்தனர். அவர் வகுத்த நெறி இன்றும் நமக்குக் கைகொடுக்கும் என்பதே ஈண்டுக் கூறப்புகுந்தது.

தலைவன் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களுள் ஓதல், பகை, தூது என்பவற்றோடு பொருள்தேடலையும் தொல்காப்பியம் வைத்துள்ளது. பொருளின்றி இல்லறம் நடவாது. விருந்தோம்பலும் இல்லாதார்க்கு ஈதலும் இயலா. ஆதலின் பொருள்வயிற் பிரிதல் பழியன்று. கடமையின் ஒரு கூறேயாம். ஆயினும், புறப்படக் கருதிய தலைவன் இடையே தயங்கி நிற்பதும் உண்டு. அதற்குச் செலவழுங்கல் என்று பெயர். அவ்வழுங்கல் பயணத்தைக் கைவிடுதல் அன்று, பிரிவுக்கு அஞ்சுவோளைத் தேற்றி உறுதிமொழி கூறுதற்காகச் சிறிது தாழ்த்தலேயாம் எனக் கற்பியல் விளக்குகிறது. தயக்கத்தைக் கோழைமை என்று இகழாமல், அதற்கு ஒரு பெயரும் பயனும் கொடுத்தது நம் இலக்கணம்.

இலக்கியமும் இவ்வழியே செல்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியனவாகக் கூறப்படும் பாலைக்கலிப் பாடல்கள் முப்பத்தைந்து. அவற்றுட் பலவற்றிலே தோழி தலைவன்முன் நின்று, போகும் வழியின் கொடுமையையும், கழிந்த இளமை மீளாமையையும் எடுத்துக்கூறுகிறாள். பட்டினப்பாலையோ 301 அடிகளால் ஆகியது. அவற்றுட் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளமும் கரிகாலன் பெருமையும் ஆகும். அத்துணைச் செல்வத்தையும் விரித்துரைத்த தலைவன், அப்பட்டினமே தனக்குக் கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தன் நெஞ்சுக்கு விடைகூறி இருந்துவிடுகிறான். போனவனையும் இருந்தவனையும் தமிழ் ஒப்பப் போற்றியது. எண்ணாமற் போனவனை அது பாடவில்லை.

ஏட்டுச்சுவடியாய்க் கிடந்த கலித்தொகையை 1887இல் முதன்முதல் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் தாமே பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து சென்னைக்குப் போனவர். ஆங்கே தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார்; சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார்; பிற்காலத்திற் புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் இருந்தார். அவர் சிறுப்பிட்டியிலேயே தங்கியிருப்பின், பாலைக்கலி நம் கையிற் கிடைப்பதற்கு இன்னும் எத்தனை ஆண்டு சென்றிருக்குமோ! கிழக்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளும் துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஆசிரியப்பணி புரிந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய்த் தாய்நாட்டிலே பணியேற்றார். சென்ற இடங்களுக்கெல்லாம் அவர் எதையேனும் கொடுத்தே சென்றார்.

எனினும், பெரியோர் வரலாற்றை மட்டும் காட்டி யாவரையும் புறப்படச் சொல்வது முறையாகாது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் பழமொழி. 1905இல் கொழும்பிலிருந்து வடக்கே இருப்புப்பாதை முழுமையாக இணைந்தபின், அப்பழமொழி எத்தனையோ இளைஞரைத் தென்னிலங்கைக் கந்தோர்களுக்கு ஏற்றிச்சென்றது. மாதந்தோறும் மணியோடர் வந்தது, கல்வீடு எழுந்தது, தங்கைக்குச் சீதனம் சேர்ந்தது. ஆனால், மணியோடர் அனுப்பியவர் தம் பிள்ளைகளின் வளர்ச்சியை விடுமுறை தோறும் அளந்தறிய வேண்டியவராயினார். 1956இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் அக்கந்தோர் வாழ்வின் அடித்தளத்தை அசைத்தது. 1958இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களின்பின், அங்குக் குடியிருந்தோருட் பலர் உடுத்த உடையோடு கப்பலேறி வடக்கே மீண்டனர். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இலேதான் திரும்பி வந்தது. இத்தனையும் கண்ட தாய் ஒருத்தி, மகன் தூரத்துக்குப் போகிறான் என்றதும் கலங்குவாளாயின், அதனைப் பேதைமை என்று தள்ளுதல் தகாது.

இனி, இன்றைய நிலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வடமராட்சியிற் பிறந்த இளம் பட்டதாரி ஒருவருக்கு ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றிலே நியமனம் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையுள்ள வீதியே 320 கிலோமீற்றர் அளவினது. அதன்பின் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை கடந்து மலையேற வேண்டும். சனி ஞாயிறுகளில் வீடு வந்து மீள்வது உடலுக்கும் ஆகாது, பணத்துக்கும் ஆகாது. வாடகையும் பிரயாணச் செலவும் கழித்தபின் சம்பளத்தில் எஞ்சுவது சிறிதே. பொருளை மட்டும் நோக்கினால், போகாதே என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இங்கேதான் பழைய பாலைக்கும் இன்றைய பயணத்துக்கும் உள்ள வேறுபாட்டை நோக்கவேண்டும். பாலைப் பாட்டிலே வழியின் வெம்மை உண்டு. வீட்டிற் காத்திருப்போளின் துயரம் உண்டு. தலைவன் சென்றுசேரும் இடத்திலே அவனுக்காகக் காத்திருப்போர் யார் என்று அப்பாட்டுப் பெரும்பாலும் கூறுவதில்லை. பொருள் இருக்கும் இடம் என்ற அளவிலே அது நின்றுவிடுகிறது. ஆசிரியர் செல்லும் இடமோ அத்தகையதன்று. தோட்டப் பாடசாலைகள் 1970களிலிருந்தே படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. அதற்குமுன் பல தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவே அரிதாக இருந்தது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லையென்ற குறை அங்கு நெடுங்காலமாகக் கேட்கப்படுவது. வெளிமாவட்டத்திலிருந்து வருவோர் கடமையேற்ற நாள்முதல் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கின்றனர் என்பதும் அம்மக்களின் மனக்குறை. ஆசிரியர் பாதியில் விட்டுச்சென்ற பாடம் மாணவனின் பரீட்சைப் பெறுபேற்றிலே தெரிகிறது. பிரிவின் துயரம் விட்டுவந்த வீட்டுக்கு மட்டும் உரியதன்று. விட்டுப்போகும் வகுப்பறைக்கும் உண்டு.

இன்னொன்றும் கருதத்தக்கது. மகளிரோடு கடல்கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. இன்றோ நியமனக் கடிதம் மகளிர் பெயருக்கே வருகிறது. கணவர் வவுனியாவிலும் மனைவி நுவரெலியாவிலும் கற்பிக்க, குழந்தை பாட்டியோடு பருத்தித்துறையில் வளரும் குடும்பங்களும் உள. இத்தகைய வீட்டிலே தேற்றுவோர் யார், தேற்றப்படுவோர் யார்? இருவரும் ஒருவரையொருவர் தேற்றவேண்டியதே முறை. ஆணின் உத்தியோகம் முடிந்த முடிபு, பெண்ணின் உத்தியோகம் விட்டுவிடக்கூடியது என்று பேச்சைத் தொடங்குவது அழுங்கலின் பயனைக் கெடுக்கும்.

முடிவு செய்வார்க்குப் பழம் பாட்டுகள் தரும் மற்றொரு வழி, மீளும் பருவத்தைக் குறித்துச் செல்லுதல். கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்று தலைவன் சொல்லிப் போவான். முல்லை அரும்பும்போது தலைவி வாயிலை நோக்குவாள். காலம் குறித்த பிரிவைப் பொறுத்துக்கொள்ளலாம். காலமற்ற பிரிவே நெஞ்சை அரிக்கும். நமக்குக் காருக்குப் பதிலாகத் தவணையும் ஆண்டும் உள்ளன. இத்தனை ஆண்டு அங்கே மனமொன்றிக் கற்பிப்பேன், ஒரு வகுப்பையாவது பொதுப் பரீட்சைவரை கொண்டுசெல்வேன், அதன்பின் மீண்டும் கூடியிருந்து எண்ணுவோம் என்று வீட்டாரிடம் சொல்லலாம். அச்சொல் வீட்டைத் தேற்றும். சென்ற இடத்தில் ஆசிரியரின் மனத்தையும் ஒருநிலையில் நிறுத்தும். எல்லாம் எண்ணியபின் நோயுற்ற பெற்றோரையோ கைக்குழந்தையையோ விட்டுப் பிரிய இயலாது என்று காண்பவர் இருந்துவிடலாம். பட்டினப்பாலைத் தலைவன் வழி அது. ஆயின், இருந்தபின் போகவிடாதவர் நீரே என்று வீட்டாரை நோவது தகாது.

ஆகவே, நியமனக் கடிதத்தைக் கையிற் பெற்றவர் அன்றே விடைகூறக் கடப்பாடுடையவரல்லர். கடமையேற்கும் திகதிவரை உள்ள நாட்களைத் தனியே இருந்து கவலையிற் கழிக்காமல், வீட்டாரை இருத்திச் சம்பளத்தையும் தூரத்தையும் ஒருங்கே பேசுக. அப்பாடசாலையின் அதிபருக்கு எழுதியோ, அங்கே கற்பித்து மீண்டவரைக் கண்டோ, எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்பதைக் கேட்டறிக. காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிந்தபின் செய்யும் முடிவு, போவதாயினும் இருப்பதாயினும், கண்ணைத் திறந்துகொண்டு செய்த முடிவாகும்.