ஜெயித்தும் பணம் வரவில்லை!

சூதாட்டத்தில் தோற்றவர் கதை நமக்குப் புதிதல்ல. நாட்டையும் தம்பிமாரையும் பணயம் வைத்துத் தோற்ற தருமபுத்திரர் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டவர்கள்தாம் நாம். ஆனால், ஜெயித்தவர் பணத்துக்காகக் கோர்ட் படியேறிய கதையைக் கேட்டிருக்கிறீர்களா? இங்கிலாந்தில் அந்த வேடிக்கை அடிக்கடி நடக்கிறது. அங்கே ஆன்லைன் சூதாட்டம் லைசென்ஸ் பெற்று நடக்கும் வியாபாரம்.

2018 ஜனவரியில் ஒரு நாள் இரவு, லிங்கன்ஷயர்வாசி ஒருவர் செல்போனில் 'பிளாக்ஜாக்' சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். பெட்ஃபிரெட் என்ற கம்பெனி நடத்தும் ஆட்டம் அது. அதிர்ஷ்ட தேவதைக்கு அன்று வேறு வேலை இல்லை போலும்! சில மணி நேரத்தில் அவர் கணக்கில் 17 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மனிதர் கெட்டிக்காரர், திரையில் தெரிந்த தொகையை அப்படியே படமாகச் சேமித்துக்கொண்டார். பணத்தை எடுக்கப் போனால், எடுக்க முடியவில்லை. சில நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆட்டத்தின் சாப்ட்வேரில் கோளாறாம். ஆகவே பணம் கிடையாதாம். போனால் போகிறதென்று 60,000 பவுன் தரத் தயார். ஆனால் விஷயத்தைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்று நிபந்தனை வேறு!

அதே கோளாறு கம்பெனிக்கு லாபமாக வேலை செய்திருந்தால், ஆடியவருக்கு இப்படிப் போன் வந்திருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அவர் 60,000 பவுனை வேண்டாம் என்றார். வக்கீலைப் பார்த்தார். இதே வழக்கு 2007-க்கு முன்னால் வந்திருந்தால் வக்கீல் கையை விரித்திருப்பார். பந்தய ஒப்பந்தம் செல்லாது, அந்தப் பணத்துக்காகக் கோர்ட்டுக்கு வரவும் கூடாது என்று 1845-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. (நம் தேசத்திலும் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு இதையேதான் சொல்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நம் பார்லிமெண்ட் தடைச் சட்டமே நிறைவேற்றிவிட்டது.) இங்கிலாந்தில் 2005-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் அந்தப் பழைய கதவைத் திறந்தது. 2007 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சூதாட்டக் கடனும் மற்றக் கடன் மாதிரிதான். தராவிட்டால் வழக்குப் போடலாம்.

கம்பெனி தன் ஷரத்துக்களை நம்பியது. விளையாடுமுன் "சம்மதம்" என்று ஒரு கட்டத்தைத் தொடுகிறோமே, அதன் பின்னால் பக்கம் பக்கமாக ஒளிந்திருக்கும் சமாசாரம்! கோளாறு நேர்ந்தால் பணம் தர வேண்டியதில்லை என்று அங்கே எழுதியிருப்பதாக வாதம். 2021 ஏப்ரலில் ஹைகோர்ட் அதை ஏற்கவில்லை. அந்த வாசகங்கள் இந்தக் கோளாற்றுக்குப் பொருந்தவில்லை. பொருந்தினாலும், ஆடுகிறவர் கண்ணில் படும்படி அவை வைக்கப்படவில்லை என்று நீதிபதி ஃபாஸ்டர் அம்மையார் தீர்ப்பளித்தார். முழு விசாரணை இல்லாமலே வழக்கு ஜெயித்தது. அதற்கே மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2025 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு. குளோஸ்டர்ஷயர் மாது ஒருவர் 2020-இல் பாடி பவர் கம்பெனியின் ஆட்டத்தில் சக்கரத்தைச் சுழற்றினார். திரை காட்டிய பரிசு சுமார் 11 லட்சம் பவுன். கைக்கு வந்தது 20,000 பவுன் சொச்சம். கம்பெனியின் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தது சின்னப் பரிசைத்தான், படம் தப்பாகக் காட்டிவிட்டது என்றார்கள். ஆடுகிறவருக்குத் திரையில் தெரிவதுதான் ஆட்டம் என்று ஹைகோர்ட் அந்த மாது பக்கம் தீர்த்தது.

இதைப் படித்துவிட்டு எல்லோருக்கும் ஜெயம் என்று நினைத்துவிடாதீர்கள். தேசிய லாட்டரியின் ஆன்லைன் ஆட்டம் ஒன்றில், 2015-இல், ஒரு பெண்மணியின் திரையில் 10 பவுன் பரிசுக்குரிய எண்கள் மின்னின. பத்து லட்சம் பவுனுக்குரிய எண்களும் ஜோடியாகத் தெரிந்தன, ஆனால் மின்னவில்லை. 2024-இல் அப்பீல் கோர்ட்டும் 10 பவுன்தான் என்றது. அங்கே விதிகள் தெளிவாக இருந்தன. படிக்க வசதியும் செய்திருந்தார்கள்.

உங்கள் பிள்ளையோ மருமகனோ அந்த ஊரில் உத்தியோகத்தில் இருந்து, சபலத்தால் இப்படி ஒரு தகராற்றில் மாட்டிக்கொண்டால், எடுத்த எடுப்பில் ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டாம். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால், கம்பெனி குறிப்பிட்டிருக்கும் நடுநிலை மத்தியஸ்த ஸ்தாபனத்துக்குப் போகலாம். ஆடியவருக்குச் செலவில்லை. அதிலும் திருப்தியில்லை என்றால்தான் கோர்ட். 10,000 பவுன் வரையில் சிறு வழக்குக் கோர்ட்டிலேயே, வக்கீல் இல்லாமலே வாதாடலாம். ஆறு வருஷம் கெடு. சூதாட்டக் கமிஷனுக்கு எழுதினால் பணம் வாங்கித் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தனி நபர் தகராற்றில் கமிஷன் தலையிடுவதில்லை. லைசென்ஸ் உண்டா என்பதை மட்டும் அதன் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டுவதற்கு முன்பே பார்ப்பது உத்தமம். லைசென்ஸ் இல்லாமல் எங்கோ ஒரு தீவிலிருந்து நடத்துகிறவன் பணத்தை நிறுத்திவிட்டால், எந்த மத்தியஸ்தரும் அவனைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினாலும், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?